மறதியைக் கைத்தொலைபேசியில் அளப்பது எப்படி? கொழும்புக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையில் அம்மாவும் அப்பாவும் தனியே இருக்கிறார்கள். பிள்ளைகள் டொரொண்டோவில், லண்டனில். ஒரு நாள் வாட்ஸ்அப்பில் ஒரு நினைவுச் சோதனைக்கான இணைப்பு வருகிறது: "அப்பாவை இதைச் செய்துபார்க்கச் சொல்லுங்கள், பத்து நிமிடம்தான்." அப்பா செய்கிறார். 30க்கு 21 என்று திரையில் விழுகிறது. அன்றிரவு இரண்டு நாடுகளில் உறக்கம் கெடுகிறது.

அந்த 21இல் எவ்வளவு மறதியால் வந்தது, எவ்வளவு ஆங்கிலத்தால் வந்தது, எவ்வளவு பழைய மூக்குக்கண்ணாடியால் வந்தது என்று யாருக்கும் தெரியாது. இந்தச் சோதனைகள் பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. ஒருவரை அவருடைய பழைய நிலையோடு ஒப்பிடும்போது இவற்றுக்கு நல்ல பெறுமதி உண்டு. முன்பின் அறியாத வேறொரு நாட்டாரின் சராசரியோடு ஒரே நாளில் ஒப்பிட்டால் பெரும்பாலும் பயம்தான் மிஞ்சும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த முதல் வகை ஒப்பீட்டைச் சரியாகச் செய்வதற்காகவே.

எதைத் தேடுகிறோம்

வயதோடு வரும் சாதாரண மறதிக்கும், அன்றாட வாழ்க்கையையே குலைக்கும் மறதி நோயான டிமென்ஷியாவுக்கும் நடுவே ஒரு நிலை இருக்கிறது. மருத்துவர்கள் அதை எம்.சி.ஐ. என்கிறார்கள், லேசான அறிவாற்றல் குறைபாடு. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரொனால்ட் பீட்டர்சன் குழுவினர் 1999இல் வகுத்த வரையறைதான் இதற்கு அடிப்படை. நினைவோ கவனமோ சொல்வளமோ வயதுக்கு எதிர்பார்ப்பதைவிடக் குறைந்திருக்கும். ஆனால் அன்றாட வாழ்க்கை தன் பாட்டில் ஓடும்.

திறப்பை எங்கே வைத்தோம் என்று தேடுவது எல்லோருக்கும் உள்ளது. ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை 100ஆம் இலக்க பஸ்ஸில் தனியாகப் புறக்கோட்டை போய் வருகிறார், மின்சாரக் கட்டணத்தைத் தானே கட்டுகிறார். ஆனால் காலையில் சொன்ன செய்தியை மதியத்துக்குள் மூன்று தரம் கேட்கிறார், ஆயிரம் தடவை வைத்த சொதிக்கு இப்போது அடுத்தது என்ன போடுவது என்று அடுப்படியில் நின்று யோசிக்கிறார், கிளினிக் திகதியை எழுதி வைத்தும் தவறவிடுகிறார் என்றால், கவனிக்க வேண்டியது அதைத்தான்.

அமெரிக்க நரம்பியல் அக்கடமியின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி 65 முதல் 69 வயதினரில் 8.4 வீதத்தினருக்கும், 70 முதல் 74 வயதினரில் 10.1 வீதத்தினருக்கும், 80 முதல் 84 வயதினரில் 25.2 வீதத்தினருக்கும் இந்த நிலை இருக்கிறது. இது உள்ள 65 வயதுக்கு மேற்பட்டோரில் இரண்டு ஆண்டுகளில் டிமென்ஷியாவுக்குச் சென்றவர்கள் ஏறத்தாழ 15 வீதம். மற்றவர்களில் பலர் அப்படியே இருக்கிறார்கள், சிலர் வழமைக்குத் திரும்புகிறார்கள். வீட்டில் இதைப் பற்றிப் பேசும்போது இந்தக் கடைசி வரியை முதலில் சொல்லுங்கள்.

படி 1: செயலியைத் தொடக்கூடாத சந்தர்ப்பங்கள்

குழப்பம் சில மணித்தியாலங்களில் அல்லது ஓரிரு நாட்களில் திடீரென வந்திருந்தால் இது சோதனை செய்யும் நேரம் இல்லை. வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல், ஒரு பக்கக் கை கால் தளர்தல் என்றால் உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸ். காய்ச்சலோடு பிதற்றல், சீனி வருத்தம் உள்ளவர் வியர்த்து மயங்கித் தடுமாறுதல், இவையும் வைத்தியசாலைக்கே. குளியலறையில் விழுந்து தலை அடிபட்ட சில வாரங்களில் முதியவர் மந்தமாகிக்கொண்டே போனால் மண்டையோட்டுக்குள் மெல்ல இரத்தம் கசிந்திருக்கலாம். அதற்கு ஸ்கேன் வேண்டும்.

படி 2: செய்யத்தான் வேண்டுமா?

எந்த முறைப்பாடும் இல்லாத முதியோர் எல்லோரையும் சோதிப்பதால் நன்மை உண்டா என்று தீர்மானிக்கப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2020இல் சொன்னது. அதனால் 'சும்மா பார்ப்போமே' என்று எவரையும் உட்கார வைக்க வேண்டாம். அவருக்கே ஒரு மாற்றம் தெரிகிறது, அல்லது கூட இருப்பவர் கவனித்திருக்கிறார் என்றால் செய்யுங்கள். முடிவு மோசமாக வந்தால் வைத்தியரிடம் போக அவர் தயாரா என்பதையும் முதலே கேட்டுக்கொள்ளுங்கள். போகமாட்டேன் என்பவருக்கு அந்த எண்ணால் என்ன பயன்?

படி 3: கேட்கும் விதம்

ஒளித்துச் செய்யாதீர்கள். 'புது விளையாட்டு ஒன்று' என்று சொல்லிக் கையில் திணித்தால், விஷயம் வெளியே வரும் நாளில் நம்பிக்கை போய்விடும். "உங்களுக்கு அறளை பெயர்ந்துவிட்டது" என்று பகிடியாகச் சொல்வதும் வேண்டாம். நம்மவர்கள் வாய் தவறிச் சொல்லும் அந்த ஒரு சொல்லுக்காகவே பலர் வைத்தியரிடம் போகாமல் இருக்கிறார்கள். "அப்பா, பிரஷர் பார்ப்பது போல இதையும் ஒரு தரம் பார்த்து வைப்போம். நானும் செய்கிறேன், நீங்களும் செய்யுங்கள்" என்றால் பெரும்பாலானோர் உட்காருவார்கள். நீங்களும் உண்மையாகவே செய்ய வேண்டும்.

படி 4: முதலில் கண், காது, உறக்கம், குளிசை

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள்.

கண்புரை உள்ளவருக்குத் திரையில் உள்ள சாம்பல் நிறப் படம் தெரியாது. காது மந்தமானவர் ஐந்து சொற்களில் மூன்றைத்தான் கேட்டிருப்பார்; கேட்காத சொல்லை நினைவில் வைக்க யாராலும் முடியாது. இரவு பெருங்குறட்டை விட்டு மூச்சுத் தடைப்படுபவர் பகல் முழுவதும் அரைத் தூக்கத்தில் இருப்பார். துணையை இழந்த துயரமும் மனச்சோர்வும் மறதியைப் போலவே தோன்றும்.

வீட்டிலுள்ள எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டு மேசையில் கொட்டிப் பாருங்கள். தடிமனுக்கும் அரிப்புக்கும் பாமசியில் கேட்டு வாங்கும் குளோர்பெனிரமின், நரம்பு வலிக்கும் உறக்கத்துக்கும் தரும் அமிட்ரிப்டிலின், சிறுநீர் அடக்க முடியாமைக்குத் தரும் ஒக்ஸிபியூட்டினின், உறக்கத்துக்கான டயசிபாம் வகை ஆகிய எல்லாமே முதியவரின் நினைவை மங்கச் செய்யக்கூடியவை. நீரிழிவுக்கு நீண்டகாலம் மெட்போமின் எடுப்பவர்களுக்கும், முட்டையும் பாலும் தொடாத சைவ உணவுக்காரர்களுக்கும் வைட்டமின் பி12 குறையலாம். வைத்தியரைக் கேட்காமல் எந்தக் குளிசையையும் நிறுத்த வேண்டாம். பட்டியல் மட்டும் எழுதுங்கள். பின்னால் வரும் படியில் அது சோதனை முடிவைவிட அதிகம் உதவும்.

படி 5: சோதனையைத் தெரிவு செய்தல்

இருப்பவற்றை மூன்று வகையாகப் பார்க்கலாம்.

முதலாவது, காகிதச் சோதனையிலிருந்து பிறந்தவை. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஷாரே உருவாக்கிய 'சேஜ்' இவற்றில் நன்கு ஆராயப்பட்டது. 22 புள்ளிகள், நேர வரையறை இல்லை, பெரும்பாலானோர் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிப்பார்கள். நான்கு மாற்று வடிவங்கள் இருப்பதால் அடுத்த தரம் வேறொன்றைச் செய்யலாம். 17உம் அதற்கு மேலும் வழமை, 15 அல்லது 16 என்றால் எம்.சி.ஐ. ஆக இருக்கக்கூடும், அதற்குக் கீழே இன்னும் தீவிரமான குறைபாட்டின் சாத்தியம். பன்னிரண்டு ஆண்டோ குறைவாகவோ படித்தவருக்கு ஒரு புள்ளி, 79 வயதைத் தாண்டியவருக்கு ஒரு புள்ளி கூட்ட வேண்டும். எட்டு ஆண்டுத் தரவுகளைக் கொண்டு 2021இல் வெளியான ஆய்வில், வழமையாகப் பயன்படும் எம்.எம்.எஸ்.ஈ. சோதனையைவிடக் குறைந்தது ஆறு மாதம் முன்னதாக இது சரிவைக் காட்டியது. காகித வடிவத்தை இலவசமாக இறக்கி அச்சிடலாம். கணினி வடிவமும் உண்டு.

ஆனால் அதன் கணக்கு வினா ஒன்றில் 60 சதத்துக்கு எத்தனை 'நிக்கல்' என்று வருகிறது. செட்டியார் தெருவில் நாற்பது ஆண்டு கடை நடத்தி, பவுண் கணக்கை மனத்திலேயே போட்டவர், நிக்கல் என்பது அமெரிக்காவின் ஐந்து சத நாணயம் என்று தெரியாமல் அங்கே நின்றுவிடுவார். போன புள்ளி அறிவாற்றலின் புள்ளி இல்லை. ஆங்கிலத்தில் படித்து ஆங்கிலத்தில் வேலை செய்தவருக்கு மட்டும் இத்தகைய சோதனையைக் கொடுங்கள். அப்போதும் நாணய விளக்கத்தை முன்கூட்டியே ஒரு துண்டில் எழுதி வையுங்கள், அப்படிச் செய்ததைக் குறித்தும் வையுங்கள்.

மொன்றியலில் சியாத் நஸ்ரெடின் உருவாக்கி 2005இல் வெளியிட்ட 'மொக்கா' 30 புள்ளிகள் கொண்டது; 26உம் அதற்கு மேலும் வழமை என்பது மூல வரையறை, பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் படிக்காதவருக்கு ஒரு புள்ளி கூட்டுவார்கள். எஸ்.எஸ்.சி.யோடு படிப்பை நிறுத்திய நம் தலைமுறைக்கு இந்தத் திருத்தம் முக்கியம். இதன் தமிழ் வடிவம் யாழ்ப்பாணத்தில் ஏற்ப மாற்றிச் சரிபார்க்கப்பட்டு 2020இல் வெளியானது. ஆனால் இதைப் பயிற்சி பெற்றவரே நடத்த வேண்டும், வீட்டில் நீங்களே கேட்டுப் புள்ளி போடுவதற்கு உரியதல்ல. அதைச் செய்துவிட்டால், வைத்தியர் பிறகு கேட்கும்போது வினாக்கள் பழக்கப்பட்டிருக்கும், உண்மை மறைந்துவிடும். மொக்காவை வெளியிடும் நிறுவனம், ஒருவர் தானே செய்துகொள்ளும் 'எக்ஸ்பிரஸோ' என்ற எண்ணிமச் சோதனையையும் வெளியிட்டிருக்கிறது.

இரண்டாவது வகை சொற்கள் குறைந்தவை. சீட்டுகளைத் திருப்பி 'இதை முன்பு பார்த்தீர்களா' என்று கேட்பவை, பெட்டிகளுக்குள் ஒளிந்த வடிவங்களின் இடத்தை நினைவில் வைக்கச் சொல்பவை. கேம்பிரிட்ஜில் 1980களில் தொடங்கிய கேன்டாப் தொகுதி இதில் முன்னோடி. தமிழில் மட்டும் படித்தவருக்கு இந்த வகைதான் நியாயமானது. அறிவுறுத்தலை மட்டும் நீங்கள் தமிழில் சொல்லிக் கொடுத்தால் போதும். இவற்றில் இன்னொரு நன்மை, விடை சரியா பிழையா என்பதோடு எத்தனை மில்லி விநாடி தயங்கினார் என்பதையும் கருவி பதிந்துவைக்கும்.

மூன்றாவது, பேச்சைப் பதிவு செய்து இடைநிறுத்தங்களையும் சொற்றேர்வையும் அலசுபவை. ஆங்கிலத்துக்காகப் பயிற்றுவித்த கருவியிடம் கொட்டாஞ்சேனைத் தமிழைப் பேசிக் காட்டிப் பயனில்லை. இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

மூளைப் பயிற்சி விளையாட்டுகள் சோதனை ஆகா. அவற்றில் புகழ்பெற்ற லூமோசிட்டியின் நிறுவனம், நினைவிழப்பைத் தடுக்கும் என்ற தோரணையில் ஆதாரமின்றி விளம்பரம் செய்ததற்காக 2016இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துடன் 20 இலட்சம் டொலருக்கு இணக்கம் கண்டது. முடிவுப் பக்கத்தில் மாத்திரை விற்கும் செயலியைக் கண்டால் அதே இடத்தில் அழித்துவிடுங்கள்.

படி 6: இடமும் கருவியும்

முடிந்தால் டெப்லெட், இல்லையேல் பெரிய திரைக் கைத்தொலைபேசி. எதுவானாலும் ஒவ்வொரு தரமும் அதே கருவி. திரையின் அளவும் தொடுகையின் வேகமும் மாறினால் வேகப் புள்ளிகள் மாறும்.

முதியவரின் விரலைக் கவனியுங்கள். தோல் உலர்ந்திருந்தால் திரை தொடுகையை உணராது, அவர் இன்னும் அழுத்துவார், நீண்ட அழுத்தம் வேறொரு பட்டியலைத் திறக்கும், அவர் பதறிப்போவார். செயலி இதையெல்லாம் 'தாமதம்' என்று எழுதிக்கொள்ளும். கையைக் கழுவித் துடைத்து, சற்று ஈரப்பதம் இருக்கும்போது தொடங்குங்கள், அல்லது தொடுபேனை ஒன்று வாங்கிக் கொடுங்கள். மூட்டுவாதமோ நடுக்கமோ இருந்தால் குறித்துவையுங்கள்.

காலை ஒன்பது பத்து மணி நல்ல நேரம்: உண்டு முடித்து, குளிசை போட்டு, தேநீர் குடித்த பிறகு. கடலோரப் பக்கத்து வீடுகளில் ரயில் போகும் ஓசையும் காலி வீதியில் ஹோர்னும் தவிர்க்க முடியாதவை. யன்னலைச் சாத்தி உள்ளறையில் உட்காருங்கள். கதிரைக்குக் கைப்பிடி இருக்கட்டும். வெளிச்சம் பின்னாலிருந்து திரையில் தெறிக்கக்கூடாது. மணிக்கூட்டையும் கலண்டரையும் கண்ணில் படாமல் எடுத்துவிடுங்கள், திகதி கேட்கும் சோதனைகள் உண்டு. அறிவித்தல்களை நிறுத்துங்கள், நடுவில் ஒரு அழைப்பு வந்தால் அந்த முயற்சி வீண்.

படி 7: செய்யும்போது

அறிவுறுத்தலை விளங்கப்படுத்தி, மாதிரி வினாவைச் செய்ய வைத்து, பின் எழுந்து போய்விடுங்கள். பக்கத்தில் நின்று "அதுதான் அப்பா, நேற்றுக்கூடச் சொன்னீர்களே" என்று உதவுவது அன்புதான். ஆனால் அந்தப் புள்ளி உங்களுடையது. பெருமூச்சு விடுவதும் கூடாது.

முதல் முயற்சியைக் கணக்கில் எடுக்க வேண்டாம். கருவி புதிது, பயம் புதிது. ஒரு வாரம் விட்டு மாற்று வடிவத்தில் மீண்டும் செய்து, அந்த இரண்டாவதை அடிப்படை எண்ணாகக் கொப்பியில் எழுதுங்கள்: திகதி, நேரம், கருவி, சோதனையின் பெயரும் வடிவமும், முந்தைய இரவின் உறக்கம், அன்றைய உடல்நிலை.

படி 8: எண்ணை வாசித்தல்

ஒரு கணக்குப் போடுவோம். 70 வயதைத் தாண்டிய 100 பேர். அவர்களில் 10 பேருக்கு உண்மையில் எம்.சி.ஐ. இருக்கிறது. சோதனை, உள்ளவர்களில் 80 வீதத்தைக் கண்டுபிடிக்கிறது, இல்லாதவர்களில் 80 வீதத்தைச் சரியாக 'இல்லை' என்கிறது என வைப்போம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உள்ள 10 பேரில் 8 பேரைப் பிடிக்கும். இல்லாத 90 பேரில் 18 பேருக்கும் சிவப்பு விளக்குக் காட்டும். ஆக, சிவப்பு விளக்கைக் கண்ட 26 பேரில் உண்மையானவர்கள் 8 பேர். மூன்றில் ஒருவர்கூட இல்லை. அதேவேளை பச்சை காட்டிய 74 பேரில் 2 பேர் தவறவிடப்பட்டவர்கள். ஒரு நாள் விரலில் குத்திப் பார்த்த சீனி அளவை வைத்து ஒருவருடைய நீரிழிவுச் சரித்திரத்தை எழுதிவிட முடியாது, இதுவும் அப்படித்தான்.

எனவே எண் தாழ்ந்தால் பதற வேண்டாம், உயர்ந்தால் விழாவும் வேண்டாம். நன்கு படித்தவர்கள் உள்ளே சரிவு தொடங்கிய பிறகும் நல்ல புள்ளி எடுப்பார்கள். புள்ளி நன்றாக இருந்தும் வீட்டார் மாற்றத்தைக் காண்கிறார்கள் என்றால், வீட்டாரையே நம்புங்கள்.

வீட்டாரின் அந்தக் கண்களுக்கும் ஒரு கருவி உண்டு. அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2005இல் வெளியிட்ட ஏடி8, கூட இருப்பவரிடம் எட்டு வினாக்களைக் கேட்கிறது: முடிவெடுப்பதில் பிழை, ஆர்வம் குறைதல், ஒரே கதையைத் திரும்பச் சொல்லல், புதுக் கருவிகளைப் பழகச் சிரமம், மாதம் வருடம் மறத்தல், பணக் கணக்கில் தடுமாற்றம், சந்திப்புகளை மறத்தல், நாளாந்தம் தொடரும் சிந்தனை நினைவுப் பிரச்சினை. எப்போதும் இருந்த குணத்தை எண்ணக்கூடாது. சில ஆண்டுகளில் ஏற்பட்ட மாற்றத்தை மட்டுமே எண்ண வேண்டும். இரண்டுக்கு மேல், இரண்டு உட்பட, 'ஆம்' என்றால் வைத்தியரிடம் போக வேண்டும். வாரத்துக்கு ஒரு தரம் வீடியோவில் பார்க்கும் மகனைவிட, நாளும் கூட இருக்கும் மனைவியோ வீட்டுக்கு வரும் உதவியாளரோ இதற்குப் பொருத்தமானவர்.

படி 9: வைத்தியரிடம்

நேரே நரம்பியல் நிபுணரைச் சனல் செய்ய ஓட வேண்டாம். குடும்ப வைத்தியரிடமோ அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலோ தொடங்குங்கள். கொப்பி, குளிசைப் பட்டியல், ஏடி8 தாள், சோதனை முடிவின் அச்சுப் பிரதி ஆகிய நான்கும் கையில் இருக்கட்டும். "மறதி கூடுகிறது" என்பதற்குப் பதிலாக, "தைப்பொங்கலுக்குப் பிறகுதான் கவனித்தோம், இரண்டு தரம் பால்காரருக்குக் காசு கொடுத்தார்" என்று சொல்லுங்கள். வைத்தியருக்கு உங்களுக்காக இருக்கும் சில நிமிடங்களில் அந்த ஒரு வாக்கியம்தான் வேலை செய்யும்.

அவர் வழமையாகப் பார்ப்பவை: முழு இரத்தக் கணக்கு, தைரொயிட், பி12, சீனி, சிறுநீரகம், உப்புகள், கல்சியம், இரத்த அழுத்தம், கண், காது, மனச்சோர்வு. தேவைப்பட்டால் சீ.டி. அல்லது எம்.ஆர்.ஐ. தைரொயிட் குறைவோ பி12 குறைவோ அகப்பட்டால் அதற்குச் சிகிச்சை உண்டு, செலவும் பெரிதல்ல. மேலே போக வேண்டுமானால் கொழும்பு தேசிய வைத்தியசாலையின் நரம்பியல் கிளினிக், அங்கொடையில் உள்ள தேசிய மனநல நிறுவனத்தின் முதியோர் மனநலப் பிரிவு ஆகியவை இருக்கின்றன. அந்த நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம் 1926. கெடவலமுல்ல ஒழுங்கையில் உள்ள லங்கா அல்சைமர் மன்றம் குடும்பத்தாருக்கும் வழிகாட்டுகிறது. தமிழில் பேசக்கூடியவர் எந்த நாளில் இருப்பார் என்று தொலைபேசியில் முதலே கேட்டுவிட்டுப் போங்கள்; மொழிபெயர்த்துச் செய்யும் நினைவுச் சோதனை அரைச் சோதனைதான்.

எம்.சி.ஐ. என்று உறுதியானாலும் அந்த நிலை உள்ள எல்லோருக்குமென்று நிரூபிக்கப்பட்ட மருந்து இல்லை. லெகனெமாப், டொனனெமாப் என்ற அல்சைமர் நோய்க்கான புதிய ஊசிகள் மூளையில் அமிலொயிட் என்ற புரதத்தின் படிவு உறுதியானவர்களுக்கு மட்டுமே, அதுவும் தொடர்ச்சியான எம்.ஆர்.ஐ. கண்காணிப்புடன். செயலியின் சிவப்பு விளக்கை வைத்து அவற்றைக் கேட்க முடியாது. வாரத்துக்கு இரண்டு தரம் உடற்பயிற்சி செய்யுமாறு மேலே சொன்ன 2018 வழிகாட்டல் பரிந்துரைக்கிறது. டிமென்ஷியாவில் ஏறத்தாழ 45 வீதம் மாற்றக்கூடிய 14 காரணிகளோடு தொடர்புடையது என்று 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு கணித்தது. காது கேளாமை, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, கெட்ட கொலஸ்ட்ரோல், புகைத்தல், தனிமை, பார்வை இழப்பு அவற்றில் சில. காதுக் கருவி போட வெட்கப்படும் அப்பாக்களுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

படி 10: மறுபடியும் எப்போது, தரவு யாரிடம்

ஆறு மாதத்துக்கு ஒரு தரம், அல்லது ஆண்டுக்கு ஒரு தரம். அதைவிட அடிக்கடி செய்தால் பழக்கத்தால் புள்ளி ஏறும், உண்மையான சரிவு அதில் மறையும். 22 புள்ளிச் சோதனையில் ஓர் ஆண்டு ஒன்றரை ஆண்டில் இரண்டு மூன்று புள்ளி இறங்கினால் வைத்தியரிடம் காட்டுங்கள். ஒரு புள்ளி ஏறி இறங்குவது சாதாரணம். தொலைபேசியை மாற்றினால் அடிப்படை எண்ணைப் புதிதாக எடுங்கள். வாரந்தோறும் திறந்து பார்த்துத் தன்னைத் தானே வருத்துபவர் என்றால், செயலியை நீக்கிவிட்டுக் கொப்பியை மட்டும் வைத்திருங்கள்.

பதிவு செய்யும்போது முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம் எதையும் கொடுக்க வேண்டாம். பிறந்த ஆண்டும் கல்வி ஆண்டுகளும் போதும். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைச் சிறப்பு வகையாகக் கருதுகிறது. ஆனாலும் வெளிநாட்டுச் சேவையகத்துக்குப் போன தரவைத் திரும்ப வாங்குவது எளிதல்ல. கணக்கை முழுமையாக அழிக்கும் வசதி இருக்கிறதா என்று தொடங்கும் முன்பே பாருங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் புள்ளியைப் போடாதீர்கள். அது அவருடைய புள்ளி. யாருக்குச் சொல்வது என்பதை அவரே தீர்மானிக்கட்டும். டொரொண்டோவில் உள்ள மகளுக்குச் சொல்ல வேண்டும் என்று அவர் விரும்பினால், கொப்பியின் பக்கத்தைப் படமெடுத்து அவளுக்கு மட்டும் அனுப்புங்கள்.